இரக்கத்தோடு முடிந்துவிடும் பாடம்

கனடாவின் சில பல்கலைக்கழகங்களில், பூர்வகுடிகளைப் பற்றிய ஒரு பாடத்தையாவது படிக்காமல் பட்டம் வாங்க முடியாது. வின்னிபெக் பல்கலைக்கழகமும் தண்டர் பேயிலுள்ள லேக்ஹெட் பல்கலைக்கழகமும் 2016 இல் இந்த விதியைக் கொண்டுவந்தன. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2023–24 கல்வியாண்டு முதல் உயர்பாடசாலைச் சான்றிதழுக்கே இது கட்டாயமாகிவிட்டது. ஒன்ராறியோவிலும் பல கல்விச் சபைகள் பதினோராம் வகுப்பின் ஆங்கிலப் பாடத்தைப் பூர்வகுடி எழுத்தாளர்களின் ஆக்கங்களைக் கொண்டே நடத்துகின்றன.

இவற்றுக்கெல்லாம் உந்துதல் தந்தது உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு. நீதிபதி மரி சின்கிளேர் தலைமையில் இயங்கிய அந்த ஆணைக்குழு 2015 இல் 94 செயல் அழைப்புகளை வெளியிட்டது. அவற்றில் 62 ஆவது அழைப்பு, வதிவிடப் பாடசாலைகள், பூர்வகுடிகளோடு செய்துகொண்ட உடன்படிக்கைகள், பூர்வகுடிகளின் பங்களிப்பு ஆகிய மூன்றையும் பாலர் வகுப்பு முதல் 12 ஆம் வகுப்புவரை கட்டாயமாகக் கற்பிக்கச் சொல்கிறது. பத்து ஆண்டுகளில் நடந்தது என்னவென்றால், மூன்றில் முதலாவது வகுப்பறையை நிறைத்துக்கொண்டது. மற்ற இரண்டும் வாசலிலேயே நிற்கின்றன. ஒன்ராறியோவில் இந்தப் பாடங்களைப் படித்து வளர்ந்த மாணவி என்ற முறையில் நான் வைக்கும் விமர்சனமும் இதுதான். எங்கள் பாடம் துயரத்தை நன்றாகச் சொல்லித்தருகிறது. அந்தத் துயரத்தை எந்தச் சட்டம், எந்த நிதிக் கணக்கு, யாருடைய கையெழுத்து நடத்தியது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

முதலில் நிறைகளைப் பேசிவிட வேண்டும். ஏறத்தாழ 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகள் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டு வதிவிடப் பாடசாலைகளில் அடைக்கப்பட்டார்கள். மத்திய அரசின் நிதியில் இயங்கிய கடைசிப் பாடசாலைகள் மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில்தான். அந்தப் பாடசாலைகள் இயங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே, அவற்றைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்காமல் ஒரு தலைமுறை பட்டம் பெற்று ஆசிரியராகவும் தாதியாகவும் பொலிஸாகவும் வேலைக்குப் போனது. இன்று எட்டு வயதுப் பிள்ளைக்கும் செப்டெம்பர் 30 அன்று ஏன் செம்மஞ்சள் சட்டை போடுகிறோம் என்பது தெரியும். ஆறு வயதில், பாட்டி வாங்கிக்கொடுத்த புதுச் சட்டையைப் பாடசாலையில் சேர்ந்த அன்றே பறிகொடுத்த ஃபிலிஸ் வெப்ஸ்டாட்டின் அனுபவத்திலிருந்து பிறந்த நாள் அது. மௌனம் உடைந்ததைச் சிறு விடயமாக எடுத்துக்கொள்ள முடியாது.

சாட்சியங்களை மையத்தில் வைத்ததற்கும் வலுவான காரணம் இருக்கிறது. இறந்த பிள்ளைகளைப் பற்றி அரசும் பாடசாலைகளும் வைத்திருந்த பதிவுகளை ஆணைக்குழு ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு மரணத்தில் பிள்ளையின் பெயரே எழுதப்படவில்லை என்று தெரிந்தது. ஏறத்தாழ பாதி மரணங்களுக்குக் காரணம் குறிக்கப்படவில்லை. இப்படிப்பட்ட ஆவணங்களை மட்டும் நம்பி வரலாறு எழுதினால், அழித்தவர்களின் அலட்சியமே வரலாறாகிவிடும். ஆணைக்குழு கேட்டுப் பதிந்த 6,500க்கும் மேற்பட்டவர்களின் வாக்குமூலங்கள்தான் அந்த வெற்றிடத்தை நிரப்புகின்றன. கட்டாயம் என்பதிலும் நியாயம் உண்டு. விருப்பப் பாடமாக இருந்தால் ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள் மட்டுமே வந்து உட்காருவார்கள். நாளை வடக்கே ஒரு மருத்துவ நிலையத்தில் வேலை செய்யப்போகிறவரும் அணைக்கட்டுக்கு வரைபடம் போடப்போகிறவரும் இந்த வகுப்பில் இருந்தே ஆகவேண்டும்.

குறைகள் அதற்குப் பிறகு தொடங்குகின்றன. வகுப்பில் சானி வென்ஜக்கின் கதையை அறியாதவர் இல்லை. 1966 ஒக்டோபரில், கெனோராவிலிருந்த வதிவிடப் பாடசாலையிலிருந்து தப்பி, ஏறத்தாழ 600 கிலோமீற்றர் தொலைவிலிருந்த வீட்டை நோக்கி ரயில் பாதை வழியே நடந்த 12 வயது அனிஷினாபே பூர்வகுடிச் சிறுவன் அவன். மெல்லிய மேலங்கியோடும் ஒரு சிறு கண்ணாடிப் போத்தலில் சில தீக்குச்சிகளோடும் நடந்து, குளிரிலும் பசியிலும் பாதையோரத்தில் இறந்து கிடந்தான். பாடகர் கோர்ட் டவுனியின் இசைத்தொகுப்பும் அதோடு வந்த படக்கதையும் 2016 இல் இதை நாடறியச் செய்தன. வகுப்பில் படக்கதையைப் பார்ப்போம், பிறகு சானிக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள். பலர் அழுதபடியே எழுதுவார்கள். கடிதங்கள் சுவரில் ஒட்டப்படும். அடுத்த கிழமை வேறு அலகு தொடங்கிவிடும்.

அந்த மரணத்தை விசாரித்த உள்ளூர் ஜூரி, பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு இப்படியொரு கல்விமுறை சரிதானா என்றே எழுத்தில் கேட்டது. வகுப்பு அந்தக் கேள்விவரை போவதில்லை. சானியின் உறுதி, சானியின் குளிர், சானியின் தனிமை என்று நின்றுவிடுகிறது. தப்பியோடிய பிள்ளையைப் பிடித்து மீண்டும் பாடசாலையில் விடும் அதிகாரம் சட்டத்திலேயே இருந்தது என்பதை யாரும் சொல்லித்தரவில்லை.

சொல்லித்தரத்தக்கது எவ்வளவோ இருக்கிறது. 1892 முதல் அரசு, இந்தப் பாடசாலைகளை நடத்திய தேவாலயங்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தது. பிள்ளைகள் குறைந்தால் வருமானம் குறையும். ஆகவே காசநோய் கண்ட பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். நெருக்கியடித்த படுக்கை அறைகளில் நோய் மற்றவர்களுக்கும் தொற்றியது. 1907 இல் அரசின் தலைமை மருத்துவ அதிகாரி பீற்றர் பிரைஸ் மேற்குப் பகுதியின் பாடசாலைகளைப் பார்த்து எழுதிய அறிக்கையில், விபரம் அனுப்பிய 15 பாடசாலைகளில் படித்த பிள்ளைகளில் 24 வீதமானோர் இறந்துவிட்டதாகக் கணக்குக் காட்டினார். முழுமையான தரவு கிடைத்த ஃபைல் ஹில்ஸ் பாடசாலையின் பழைய மாணவர்களில் 69 வீதத்தினர் உயிரோடு இல்லை. இந்தச் செய்தி பத்திரிகைகளிலும் வந்தது. ஆனாலும் 1920 இல், டங்கன் கம்பெல் ஸ்கொட் இந்தியர் விவகாரத் திணைக்களத்தின் தலைமையில் இருந்தபோது, பிள்ளைகளை அனுப்புவதைக் கட்டாயமாக்கும் சட்டத்திருத்தம் நிறைவேறியது. ஓய்வுபெற்ற பிரைஸ் 1922 இல் தன் குற்றச்சாட்டைச் சிறு நூலாக அச்சிட்டார். அதன் பிறகும் எதுவும் அசையவில்லை.

இந்த நாலு தகவல்களை வரிசையாக அடுக்கினாலே, மாணவரின் மனதில் எழும் கேள்வி மாறிவிடும். ‘ஐயோ பாவம், எப்படித் தாங்கினார்கள்?’ என்ற இடத்தில், ‘தெரிந்துகொண்டே எப்படிக் கையெழுத்துப் போட்டார்கள்?’ என்ற கேள்வி வரும். முதற்கேள்வி இரக்கத்தோடு முடிந்துவிடும். இரண்டாவது, இன்றைய வரவுசெலவுத் திட்டத்தையும் கேள்வி கேட்கப் பழக்கும்.

இன்றைக்கு வரும்போதுதான் எங்கள் பாடம் மேலும் தடுமாறுகிறது. பாடநூலின் வினைச்சொற்களெல்லாம் இறந்தகாலத்தில் இருக்கின்றன: பறித்தார்கள், அடைத்தார்கள், மன்னிப்புக் கேட்டார்கள். 2008 ஜூன் 11 அன்று பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் பாராளுமன்றத்தில் கேட்ட மன்னிப்போடு அத்தியாயம் நிறைவுபெறுகிறது. ஆனால் 1876 இன் இந்தியர் சட்டம் பல திருத்தங்களோடு இன்னும் நடைமுறையில் உள்ளது. ஒன்ராறியோவின் வடக்கிலுள்ள நெஸ்கந்தாகா மக்கள் 1995 முதல் குழாய் நீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும் என்ற அறிவிப்போடு வாழ்கிறார்கள். அதன் பிறகு அங்கே பிறந்து இன்று பெற்றோராகிவிட்டவர்களுக்கும் குழாயைத் திறந்து அப்படியே குடித்த அனுபவம் இல்லை. கிராஸி நாரோஸ் மக்களின் ஆற்றில் 1962 முதல் 1970 வரை ட்ரைடன் ஆலை கொட்டிய ஏறத்தாழ ஒன்பது தொன் பாதரசம் இன்றும் மீனிலும் மனிதர் உடலிலும் இருக்கிறது. இவை விஞ்ஞானப் பாடத்தில் ‘மாசு’ என்ற தலைப்பில் வருகின்றன. அநீதியைப் படிக்கும் வகுப்பில் வருவதில்லை.

மூன்றாவது குறை, பூர்வகுடிகளைத் துன்பப்பட்டவர்களாக மட்டுமே காட்டுவது. 1923 இல் கிராண்ட் ஆற்றங்கரையின் ஆறு தேசத்தவர் சார்பில் டெஸ்கஹே என்ற தலைவர் சர்வதேச சங்கத்திடம் முறையிட ஜெனீவாவுக்கே போனார். 1927 முதல் 1951 வரை, நில உரிமை கேட்டு வழக்காடப் பணம் திரட்டுவதே குற்றம் என்று சட்டம் சொன்னது. போராடாத மக்களை அடக்க அப்படியொரு சட்டம் தேவைப்பட்டிருக்காது. 1970 இல் அல்பேர்ட்டாவின் புளூ குவில்ஸ் வதிவிடப் பாடசாலையில் பெற்றோரும் உறவினரும் குந்தியிருந்து போராடி, பாடசாலை நிர்வாகத்தைத் தங்கள் கைக்கே எடுத்தார்கள். கனடாவில் பூர்வகுடிகளே பொறுப்பேற்று நடத்திய முதல் பாடசாலை அது. இன்று பல்கலைக்கழகமாக நிற்கிறது. வதிவிடப் பாடசாலைகளைப் பற்றி இத்தனை ஆண்டுகள் படித்த வகுப்பில் புளூ குவில்ஸின் பெயர் ஒருமுறையும் வரவில்லை. நான் அதை நூலகத்தில் தற்செயலாகத்தான் கண்டேன்.

வெறும் துயரமாகக் கற்பிப்பதன் சுமை வகுப்பிலுள்ள பூர்வகுடி மாணவர் மேலும் விழுகிறது. எங்களோடு படித்த அனிஷினாபே மாணவி ஒருத்தி, காணொளி முடிந்து விளக்குப் போட்டவுடன் முப்பது முகங்களும் தன் பக்கம் திரும்புவதற்குப் பழகிப்போயிருந்தாள். ‘உங்கள் குடும்பத்தில் யாராவது...?’ என்று விரிவுரையாளரே கேட்டுவிட்டார். அவள் விலங்கியல் படிக்க வந்தவள். உடன்படிக்கையின் வாசகத்தை வகுப்பு விவாதித்திருந்தால், அந்த மேசையில் எல்லோரும் அந்த உடன்படிக்கையின் தரப்பினராகச் சமமாக உட்கார்ந்திருப்போம். அவளிடம் மட்டும் பாட்டியின் கதையைக் கேட்டிருக்கத் தேவை வந்திராது.

ஆவணங்களைப் படிப்பதிலும் ஆபத்து இருக்கிறது என்பார்கள். அது உண்மை. சட்டத்தையும் சுற்றறிக்கையையும் மட்டும் படித்தால், ஸ்கொட்டும் அவருடைய எழுதுவினைஞர்களும் கதையின் நாயகர்களாகிவிடுவார்கள். பிள்ளைகள் மீண்டும் எண்ணிக்கையாகச் சுருங்குவார்கள். ஆகவே சாட்சியத்தை நீக்கச் சொல்வது என் வாதமில்லை. பிரைஸின் அட்டவணையும் அதே பாடசாலையில் இருந்தவரின் வாக்குமூலமும் ஒரே மேசையில் விரிக்கப்பட வேண்டும். ஒன்று மற்றதைச் சரிபார்க்கும்.

இந்தச் சரிபார்ப்பு எவ்வளவு முக்கியம் என்பதைப் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸ் காட்டியது. 2021 மே மாதம் அங்கிருந்த பழைய வதிவிடப் பாடசாலை வளவில், நிலத்தை ஊடுருவும் ரேடார், புதைகுழிகளாக இருக்கக்கூடிய ஏறத்தாழ 200 அடையாளங்களைக் காட்டியது. சில ஊடகங்கள் அதை ‘மனிதப் புதைகுழி கண்டுபிடிப்பு’ என்று எழுதிவிட்டன. தோண்டிப் பார்க்கப்படவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு, மரணங்களே கட்டுக்கதை என்று சொல்ல ஒரு கூட்டம் கிளம்பியது. ஆணைக்குழு ஆவணங்களிலிருந்து 3,000க்கும் மேற்பட்ட மரணங்களை ஏற்கெனவே உறுதிசெய்திருந்தது என்பதை அறிந்த மாணவர் இந்த வாதத்தில் திகைத்து நிற்கமாட்டார். அழுகையை மட்டும் கற்றவருக்குப் பதில் சொல்லத் தெரியாது.

எங்களைப் போன்ற குடியேறிகளின் பிள்ளைகளுக்குப் பாடம் இன்னொரு இடத்திலும் தவறுகிறது. இது வெள்ளையருக்கும் பூர்வகுடிகளுக்கும் இடையிலான பழைய கணக்கு, நாங்கள் போருக்குத் தப்பி நேற்று வந்தவர்கள் என்று ஒதுங்கிவிட வசதி தருகிறது. தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோ 1923 இன் வில்லியம்ஸ் உடன்படிக்கைகளுக்கு உட்பட்ட நிலம். அவற்றில் வேட்டை, மீன்பிடி உரிமைகளையும் உரிய ஈட்டையும் இழந்த ஏழு பூர்வகுடிச் சமூகங்களுக்கு, நீண்ட வழக்குக்குப் பிறகு, 2018 இல்தான் 1.1 பில்லியன் டொலர் தீர்வு கிடைத்தது. 2021 முதல் குடியுரிமை உறுதிமொழியிலேயே பூர்வகுடிகளின் உடன்படிக்கை உரிமைகள் இடம்பெறுகின்றன. கையை உயர்த்தி அந்த வரியைச் சொன்ன எங்கள் பெற்றோருக்கும் அதன் பொருளை யாரும் விளக்கவில்லை, எங்களுக்கும் இல்லை.

ஒன்ராறியோ சட்டமன்றம் 2021 இல் தமிழ் இனப்படுகொலைக் கல்வி வாரத்தைச் சட்டமாக்கியது. எங்கள் இழப்பையும் இந்த மாகாணத்தின் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று கேட்டுப் பெற்றவர்கள் நாங்கள். எங்கள் கதையைப் படிப்பவர் முள்ளிவாய்க்காலின் படங்களைப் பார்த்து இரங்கிவிட்டு எழுந்துபோவது எங்களுக்குப் போதுமா? இலங்கையின் 1956 மொழிச் சட்டத்திலிருந்து தொடங்கிப் படிக்க வேண்டும் என்றல்லவா கேட்போம்? அதே அளவுகோலை அனிஷினாபே மக்களின் வரலாற்றுக்கும் வைப்பதுதான் நேர்மை.

கட்டாயப் பாடம் தொடரவேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. அதன் உள்ளடக்கம் 62 ஆவது அழைப்பின் மூன்று பகுதிகளுக்கும் சமமாக இடம் தரட்டும். பத்தாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு மாணவரும் தான் வாழும் நிலத்தின் உடன்படிக்கையை முழுதாக வாசித்திருக்க வேண்டும். பரீட்சைத் தாளில் ‘இதைப் படித்தபோது என்ன உணர்ந்தீர்கள்?’ என்ற கேள்விக்குக் கீழே இன்னொரு கேள்வியும் இருக்கட்டும்: இந்த உடன்படிக்கையில் வாக்களிக்கப்பட்டது என்ன, அதில் இன்றுவரை நிறைவேறாதது எது?