கோலியின் கதையில் விடுபட்டவை

நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலியின் கதையை நீங்கள் எங்காவது படித்திருப்பீர்கள். 1891-ஆம் ஆண்டில், கழுத்தில் புற்றுக்கட்டி முற்றிய ஒருவருக்கு அவர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவை உயிருடன் ஊசி மூலம் செலுத்தினார். பலமுறை செலுத்திய பின் கடுங்காய்ச்சல் கண்டது, கட்டி கரைந்தது, நோயாளி பல்லாண்டு வாழ்ந்தார். இவ்வளவும் உண்மையே. இதற்கு மேல்தான் கதை சொல்பவர்களின் கைவரிசை. பொறாமை கொண்ட மருத்துவ உலகம் இந்த அரிய மருந்தைப் புதைத்துவிட்டதாம்! இதை நம்பி முறையான சிகிச்சையைத் தள்ளிப்போடும் நோயாளிக்கல்லவா நட்டம்?

அவர்கள் சொல்லாமல் விடுவது எது? உயிருள்ள கிருமி கோலியின் நோயாளிகள் சிலரைக் கொன்றது. எனவே, கொல்லப்பட்ட பாக்டீரியாக் கலவைக்கு அவர் மாறினார். அக்கலவையின் வீரியமோ தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபட்டது. ஊசியைக் கட்டிக்குள் போடுவதா, வேறிடத்திலா, எத்தனை நாள் என்பதிலும் ஒரே முறை இல்லை. மருந்து பெறாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. குணமடைந்தவர்கள் உண்டு, ஆனால் நூற்றுக்கு எத்தனை பேர் என்று யார் சொல்வது? இதற்கிடையே எக்ஸ்-கதிர்ச் சிகிச்சையும் வந்துவிட்டது.

கோலியின் எண்ணம் வீண் என்று சொல்லவில்லை. நம் தோளில் தழும்பு விடும் பி.சி.ஜி. தடுப்பூசியைப் பாருங்கள். கனடாவின் கிங்ஸ்டன் நகரில் ஆல்வரோ மொராலெஸ் அதையே குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விட்டார். அளவு 120 மில்லிகிராம்; வாரம் ஒருமுறை, ஆறு வாரம். 1976-இல் 9 நோயாளிகளிடம் கண்ட பயனை வெளியிட்டார். ஏன் ஆறு வாரம்? மருந்து ஆறு குப்பிகளாக வந்ததும் ஒரு காரணம்! அறிவியல் இப்படியும் நடப்பதுண்டு. ஆனால் அளவும் இடமும் காலமும் திட்டமாக இருந்ததால் பிறரும் அவ்வாறே செய்து பார்க்க முடிந்தது. ஒப்பீட்டுச் சோதனைகள் நடந்தன. 1990-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது.

சுமார் இரண்டு மணி நேரம் பைக்குள் தங்கும் பாக்டீரியா, உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அங்குள்ள செல்கள் அபாய அறிவிப்புப் போலச் சில புரதங்களைச் சுரக்கின்றன. வெள்ளணுக்கள் திரண்டு வந்து புற்றுச் செல்களையும் தாக்குகின்றன.

இதற்கும் எல்லை உண்டு. உட்சுவரோடு நிற்கும் புற்றுக்கே இது உரியது. தசைக்குள் வேரோடியதற்கு உதவாது. சிறுநீர் எரிச்சலும் காய்ச்சலும் பலருக்கு வரும். அரிதாகச் சிலருக்கு பி.சி.ஜி. கிருமியே உடலில் பரவிவிடும். அப்போது காசநோய் மருந்துகளையே கொடுக்க வேண்டியிருக்கிறது.