ஆயுள் உத்தரவாதம்: யாருடைய ஆயுள்?

களக்காட்டில் பம்ப்செட் மெக்கானிக்காக இருக்கும் என் மாமாவுக்குப் போன தீபாவளிக்கு ஒரு சாக்கெட் செட் வாங்கிக் கொடுத்தேன். ஆன்லைனில் வாங்கியது. வெளிநாட்டுப் பெயர், கறுப்புப் பெட்டி, பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 'லைஃப்டைம் வாரன்டி'. விலையைக் கேட்டதும் மாமா, "இந்தக் காசுக்கு நம்ம பஜார்ல மூணு செட் வாங்கலாமே மாப்ள" என்றார். "ஆயுசு முழுக்க வாரன்டி மாமா. உடைஞ்சா புதுசு தருவாங்க" என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன்.

பங்குனியில் உடைந்தது. மலையடிவாரத்தில் ஒரு ஏத்தன் வாழைத் தோட்டம். குலை தள்ளிய நேரம், கிணற்று மோட்டார் நின்றுவிட்டது. குழாயைக் கழற்ற பிளாஞ்ச் போல்ட்டில் ராட்செட்டை மாட்டி இழுத்தபோது உள்ளே பல் வழுக்கி, கை போய் இரும்பில் மோதியது. இரண்டு விரல் முட்டியில் தோல் போயிற்று. அதன்பிறகு அந்தக் கைப்பிடி இரண்டு பக்கமும் சும்மா சுற்றியது. குலை தள்ளும் சமயத்தில் தண்ணீர் தவறினால் தாரின் எடை குறையும் என்று வாழை போடுகிற எவருக்கும் தெரியும். மாமா பைக்கை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போய், அண்ணாச்சி கடையில் உள்நாட்டு ராட்செட் கைப்பிடி ஒன்றை வாங்கி வந்து, சாயங்காலத்துக்குள் வேலையை முடித்துவிட்டார்.

நான் வாரன்டி கேட்கக் கிளம்பினேன். பில், உடைந்த பொருளின் படம், எப்படி உடைந்தது என்று ஒரு விளக்கம், என் செலவில் கூரியர். சரியாக 41-ஆவது நாள் புதுக் கைப்பிடி வந்தது. நிறுவனம் ஏமாற்றவில்லை, சொன்னதைச் செய்தது. ஆனாலும் அந்த உத்தரவாதத்தால் தோட்டத்துக்கும் பிரயோஜனம் இல்லை, மாமாவுக்கும் பிரயோஜனம் இல்லை. 'இறக்குமதிச் சாமான் தரம், அதற்கு அத்தாட்சி வாரன்டி' என்று நான் நம்பிக்கொண்டிருந்த கணக்கில் எங்கே பிழை என்று தேடியதன் விளைவுதான் இந்தக் குறிப்பு.

'ஃபாரின்' என்பது எந்த ஊர்?

முதல் பிழை அந்தச் சொல்லில்தான். 'இறக்குமதி' என்று நாம் சொல்வதில் குறைந்தது மூன்று வகை இருக்கிறது. ஒன்று, பெயரும் பட்டறையும் ஒரே நாட்டில் இருப்பது. ஜெர்மனியின் வுப்பர்டாலில் 1882-லிருந்து குறடு செய்யும் நிபெக்ஸ் அப்படிப்பட்டது. இரண்டு, பெயர் மட்டும் அமெரிக்கா அல்லது ஐரோப்பா. செய்வது தைவானிலோ சீனாவிலோ, சில சமயம் இந்தியாவிலோ. மூன்று, யாருக்கும் தெரியாத ஒரு பெயரை அச்சடித்து, கன்டெய்னரில் மொத்தமாக வருவது. பெட்டியின் முன்பக்கத்தைப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பின்பக்கத்தைத் திருப்ப வேண்டும். 2011-இன் பொட்டலப் பொருள்கள் விதிகளின்படி இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அங்கே இருந்தாக வேண்டும். நான் மாமாவுக்கு வாங்கியது இரண்டாம் வகை. வாங்கும்போது நான் பின்பக்கம் பார்க்கவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

'உள்நாட்டு' என்ற சொல்லும் அவ்வளவு சுத்தமான சொல் இல்லை. நாசிக்கின் தபாரியா 1969-இல் தொடங்கியதே ஒரு ஸ்வீடன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடுதான். ஜலந்தரிலும் லூதியானாவிலும் செய்யும் ஸ்பேனர்கள் கப்பலேறிப் போகின்றன. இந்தத் தொழிலுக்கென்றே ஜலந்தரில் 1983-இல் மத்திய கைக்கருவி நிறுவனம் ஒன்றை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு அமைத்தார்கள். ஆக, நமக்குச் செய்யத் தெரியாது என்பதில்லை. 2025 ஏப்ரலில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, சிக்கல் வேறிடத்தில் இருப்பதாகச் சொல்கிறது. சீனாவோடு ஒப்பிட்டால் நம் உற்பத்திச் செலவு 14 முதல் 17 சதவீதம் அதிகம். உலகக் கைக்கருவிச் சந்தையில் நம் பங்கு 2 சதவீதத்துக்கும் கீழே. விலையில் இப்படி நெருக்கடி வரும்போது ஒரு பட்டறை எங்கே கையை வைக்கும்? கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் வைக்கும். கருவியில் அந்த இடம், உலையில் அது இருக்கும் நேரம்.

எஃகு பாதி, உலை பாதி

ஸ்பேனரில் 'குரோம் வனேடியம்' என்று பொறித்திருப்பதைப் பார்த்து வாங்குகிறோம். அது எஃகின் பெயர் மட்டும். அதே எஃகைச் சரியாகக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி இளஞ்சூட்டில் பதப்படுத்தினால்தான் கருவி ஆகும். கடினம் கூடினால் சில்லுச் சில்லாக உடையும், குறைந்தால் வளையும், மழுங்கும். நல்ல கட்டிங் பிளேயரின் வெட்டும் விளிம்பு ராக்வெல் சி அளவில் 60-ஐ ஒட்டி இருக்கும். உடம்பு அதைவிட மெதுவாக இருக்க வேண்டும். ஒரே துண்டு இரும்பில் இரண்டு குணத்தைக் கொண்டுவருவதுதான் வித்தை. இதற்கெல்லாம் இந்தியத் தர நிர்ணயமும் இருக்கிறது: கட்டிங் பிளேயருக்கு ஐ.எஸ். 3650, ஓப்பன் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2028, ஸ்க்ரூ டிரைவருக்கு ஐ.எஸ். 844.

என்னிடம் ராக்வெல் மெஷின் கிடையாது. மாமாவின் பெட்டியும் ஒரு அரமும் இருந்தன. பழையவற்றின் விளிம்பில் அரத்தை லேசாக இழுத்துப் பார்த்தேன். வழுக்கிப் போனால் கடினம், கடித்தால் மெது. (திருப்பிக் கொடுக்க நினைக்கும் புதுச் சாமானில் இதைச் செய்துவிடாதீர்கள்.) ஓப்பன் ஸ்பேனர், ரிங் ஸ்பேனரில் நல்ல உள்நாட்டுச் சாமானுக்கும் வெளிநாட்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பதினைந்து வருஷம் உழைத்த உள்நாட்டு ரிங் ஸ்பேனர் இன்றைக்கும் நட்டின் முனையைச் சிதைக்காமல் பிடிக்கிறது. பிளேயரில் வித்தியாசம் உண்டு. மூட்டில் ஆட்டம் வருவதும், கெட்டிக் கம்பியை வெட்டிய இடத்தில் விளிம்பு நசுங்குவதும் மலிவானதில் சீக்கிரம். ராட்செட்டில்தான் வித்தியாசம் ரொம்ப அதிகம், ஏனென்றால் விரல் நகம் அளவுள்ள ஒரு பல்தான் மொத்த விசையையும் தாங்குகிறது. அசையும் பாகம் எதில் கூடுகிறதோ அதில்தான் காசு பேச ஆரம்பிக்கிறது.

ஓர் இடத்தில் மட்டும் காசு கணக்குப் பார்க்கக் கூடாது. கட்டிங் பிளேயர் கைப்பிடியில் இருக்கும் சிவப்போ மஞ்சளோ பிளாஸ்டிக் உறையை நம் ஊரில் பலர் மின்காப்பு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது பிடிமானத்துக்கு. மின்சாரம் ஓடும்போதே வேலை செய்யச் சோதிக்கப்பட்ட கருவிகளுக்கு ஐ.இ.சி. 60900 என்ற தனித் தரம் உண்டு. இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் அதில் இருக்கும். ஈரத் தோட்டத்தில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கிற மனுஷனுக்கு, எந்த நாட்டுச் சாமானாக இருந்தாலும், அந்தக் குறிதான் முக்கியம். (குறி இருந்தாலும் மெயினை அணைத்துவிட்டுத் திறப்பதுதான் முறை.) மாமாவின் பெட்டியில் அந்தக் குறியோடு ஒன்றுகூட இல்லை. கருவியின் ஆயுளுக்கு உத்தரவாதம் தேடி அலைந்த நான், அவர் ஆயுளைப் பற்றி யோசிக்கவே இல்லை.

ஆயுள் உத்தரவாதம் எங்கே பிறந்தது

இந்த 'லைஃப்டைம்' பேச்சைப் பிரபலமாக்கியதில் அமெரிக்காவின் சியர்ஸ் கடைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்களுடைய கிராஃப்ட்ஸ்மேன் கருவி உடைந்தால், கடைக்குப் போய் மேஜையில் வைத்துவிட்டுப் புதிதாக எடுத்து வரலாம். அது நடந்ததற்குக் காரணம் ஊருக்கு ஊர் கடை இருந்தது. 2017-இல் சியர்ஸ் அந்தப் பெயரை ஸ்டான்லி பிளாக் அண்டு டெக்கருக்கு விற்றது. கடைகளும் ஒவ்வொன்றாக மூடின. வாக்குறுதி காகிதத்தில் தொடரலாம், ஆனால் நடந்து போய் மாற்றும் அந்த மேஜை இல்லாவிட்டால் அது வேறு பொருள். நமக்கு வந்து சேர்ந்தது மேஜை இல்லாத வாசகம் மட்டும்.

வாசகத்தையும் முழுசாகப் படியுங்கள். வழக்கமாக உற்பத்திக் குறைக்கு மட்டும்தான் பொறுப்பு. தேய்மானம், தவறான உபயோகம், குழாயை மாட்டி நெம்பியது எல்லாம் விலக்கு. பல நிறுவனங்களில் 'ஆயுள்' என்பது கருவியின் எதிர்பார்க்கப்படும் ஆயுள். அது எவ்வளவு என்று முடிவு செய்வதும் அவர்களே. யூடியூபில் சாமானைப் பிரித்துக் காட்டி மார்க் போடுகிறவர்கள் யாரும், ஒரு கருவியை உடைத்து, வாரன்டி கேட்டு, எத்தனை நாளில் வந்தது என்று காட்டி நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லாத ஒப்பீடு பாதி ஒப்பீடுதான்.

அண்ணாச்சி கடையில் என்ன குறை?

உள்ளூர்ப் பக்கத்தையும் விட்டுவிட முடியாது. மாமா வாங்கிய கைப்பிடிக்கு பில் இல்லை. "பில் எதுக்கு, நான் எங்க ஓடியா போகப் போறேன்?" என்பது அண்ணாச்சியின் வாதம். அவர் ஓடமாட்டார், மாற்றியும் தருவார். ஆனால் பிரபலமான பெயர்களுக்குப் போலிகள் புழங்கும் சந்தையில், பில் இல்லாமல் எது அசல் என்று எவரிடம் போய் நிற்பது?

சட்டம் இங்கே நாம் நினைப்பதைவிட நம் பக்கம் இருக்கிறது. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தர மறுப்பதையே நியாயமற்ற வணிகமுறை என்கிறது. 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று பலகை மாட்டுகிற கடைகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. பிழைப்புக்காகத் தானே உழைக்கும் மெக்கானிக்கும் இந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். கம்பெனி மும்பையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இத்தனைக்கும் வேண்டியது ஒரு துண்டு பில். அதைத்தான் நாம் கேட்டு வாங்குவதில்லை.

ஆசாரியின் உத்தரவாதம்

மாமாவின் பெட்டிக்குப் பக்கத்திலேயே அத்தையின் அருவாள் கிடக்கிறது. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. முத்திரை இல்லை, ஐ.எஸ். எண் இல்லை, பெட்டி இல்லை. இரண்டு தடவை வாய் மழுங்கி, ஒரு தடவை பல் விழுந்து, மூன்று தடவையும் பட்டறைக்குப் போய் வந்திருக்கிறது. ஆசாரி அதைக் காய்ச்சி அடித்து, தோய்ச்சல் போட்டு, மறுநாளே கொடுத்துவிடுவார். சூடேறும்போது இரும்பில் ஓடும் வைக்கோல் நிறத்தையும் நீலத்தையும் பார்த்துப் பதம் சொல்கிறார். அதே மாற்றத்தைத்தான் பாடப் புத்தகம் சுமார் 230 டிகிரி, 300 டிகிரி என்று எழுதுகிறது.

இதை நான் புல்லரித்துச் சொல்லவில்லை. ஸ்பிரிங் பட்டை நல்லதாக அமையாவிட்டால் அருவாளும் அமையாது. அதற்கு எந்தத் தரச்சான்றும் இல்லை. "எம் மவன் இந்தப் பக்கமே வரமாட்டான் தம்பி" என்கிறார் ஆசாரி. உலை அணைந்த அன்றைக்கு அந்த உத்தரவாதமும் முடிந்தது. ஆனால் அவர் கொடுப்பது மாற்றுச் சாமான் இல்லை, அதே சாமானைச் சரிசெய்து கொடுக்கிறார் என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தில் 1945-இல் தொடங்கிய ஃபெல்கோ, தன் கவாத்துக் கத்தரிக்கோலின் பிளேடு, ஸ்பிரிங், போல்ட் எல்லாவற்றையும் தனித்தனியாக விற்கிறது. இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இருந்தாலும் புத்தி ஒன்றுதான்: சாமான் கெடும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, கெட்டால் என்ன செய்வது என்பதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே இப்போது நான் பின்பற்றுவது இதுதான். அசையாத கருவியில் தர முத்திரையுள்ள உள்நாட்டுச் சாமான், பில்லோடு. அசையும் பாகம் உள்ளதில், எந்த நாடாக இருந்தாலும், உதிரிப்பாகம் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு. மின்வேலைக்கு 1000 வோல்ட் குறி இல்லாமல் எதுவும் இல்லை. வாரன்டி அட்டையில் வருஷக் கணக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். உடைந்தால் எங்கே போக வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்ற இரண்டு கேள்வியை மட்டும் கேட்கிறேன்.

41 நாள் கழித்து வந்த புதுக் கைப்பிடியை மாமா இன்னும் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "இது உடைஞ்சா நீ ஒன்றரை மாசம் அலையணும் மாப்ள. அண்ணாச்சிது உடைஞ்சா எனக்குப் பத்து நிமிஷம்" என்றார். இந்தத் தீபாவளிக்கு அவருக்கு முக்கோணக் குறி போட்ட பிளேயர் ஒன்று வாங்கியிருக்கிறேன். இந்தத் தடவை பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு.