திரும்பாத மணிக்கட்டு

2012இல் லெகோ நிறுவனம் வெளியிட்டவற்றுள் இரண்டை எதிரெதிரே வைத்து வாசிக்கிறேன். ஒன்று, டெக்னிக் வரிசையின் 9398 எண் வண்டி: 1327 துண்டுகள், மூன்று மோட்டார்கள், ரிமோட். கரடுமுரடான தரையில் ஏறி இறங்கும். மற்றது, சிறுமிகளைக் குறிவைத்து அதே ஆண்டு வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ வரிசை. அதில் ஓர் அழகு நிலையமும் உண்டு.

வண்டியின் ஒவ்வொரு சக்கரத்தருகிலும் 8 பல் கியர் ஒன்று 24 பல் கியரைச் சுழற்றுகிறது. அதனால் வேகம் மூன்றில் ஒன்றாகிறது. சுழற்றும் விசை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. மேடேற வைப்பது இந்த நிதானம்தான். இதில் ஆண்மை எந்தப் பல்லில் இருக்கிறது என்று விளம்பரம் எழுதுபவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பொம்மைக்கு வருவோம். லெகோவின் பழைய குட்டி மனிதர்களுக்கு மணிக்கட்டு திரும்பும், கால்கள் தனித்தனியே அசையும். ஃப்ரெண்ட்ஸ் பெண்ணுக்கோ மணிக்கட்டு திரும்பாது; இரு கால்களும் சேர்ந்தேதான் மடங்கும். வண்டிக்கு நான்கு சக்கரமும் திரும்புகின்றன. இவளுக்கு ஒரு கை திரும்பவில்லை. உடலை வடித்தபோதே எடுத்த முடிவு இது. இளஞ்சிவப்பு நிறத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கண்ணில் படாது. ஒலிவியா என்ற பொம்மைக்கு ஒரு பட்டறையும் கொடுத்தார்கள், மறுக்கவில்லை. அங்கே அவள் ஒரு திருகாணியை எப்படி முடுக்குவாள்?