லூயிஸின் துயரக் குறிப்புகளும் தேவனின் மனதுருக்கமும்

துக்கத்தில் அமிழ்ந்தவனுக்கு இறையியல் என்ன சொல்லக்கூடும் என்னும் வினா திருச்சபைக்குப் புதியதன்று. இவ்வினாவை ஒரே ஆசிரியர் இருபதாண்டு இடைவெளியில் இருமுறை எதிர்கொண்டு, இரு வேறு நூல்களை எழுதியிருப்பதால், அவற்றை ஒப்புநோக்குவது திருப்பணியாளராகிய நமக்குப் பயன் தரும். சி. எஸ். லூயிஸ் 1940ஆம் ஆண்டில் துன்பத்தின் புதிரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1960 ஜூலையில் அவருடைய மனைவி ஜாய் புற்றுநோயால் மறைந்தார். அதன்பின் தம் துக்கத்தைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்து, 1961இல் என். டபிள்யூ. கிளார்க் என்னும் புனைபெயரில் வெளியிட்டார். அவர் 1963இல் மறைந்த பின்னரே அந்நூல் அவருடைய சொந்தப் பெயரைத் தாங்கி வந்தது.

முதல் நூல் வாதம் செய்கிறது; மனிதனை விழிக்கச் செய்யும் ஒலிபெருக்கியாகத் துன்பத்தைக் காண்கிறது. துன்பத்தைத் தாங்கும் வகையைக் கற்பிக்கத் தமக்குத் தகுதியில்லை என்று லூயிஸ் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டதையும் மறத்தலாகாது. இரண்டாம் நூலிலோ வாதம் செய்தவரே தேவனுடைய வாசலில் நின்று தட்டுகிறார், கதவு சாத்தப்படுகிறது. தேவன் இல்லை என்பதன்று அவருடைய அச்சம்; தேவன் கொடியவராய் இருப்பாரோ என்பதே. விசுவாசி ஒருவர் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவது நம்மில் சிலருக்கு இடறலாகலாம். ஆனால் 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது என்பதை அறிந்த நாம் இதனை அவிசுவாசம் என்று தள்ளிவிட இயலாது. இதுவே இந்நூலின் தலையாய சிறப்பு.

எனினும் நூலில் ஒரு குறை உண்டு. லூயிஸ் தேவனை, இரக்கம் மிகுந்தவராதலாலேயே அறுப்பதை நிறுத்தாத மருத்துவருக்கு ஒப்பிடுகிறார். பிற்பகுதியில் அவர் உள்ளம் தணிகிறது. தேவனுடைய மௌனம் மறுப்பன்று, இரக்கமுள்ள ஒரு பார்வை எனக் காண்கிறார். இது பெரிய முன்னேற்றமே. ஆயினும் மருத்துவருக்கு நோவில்லை. பார்ப்பவரும் வெளியிலேயே நிற்கிறார். சிலுவையில் எழுந்த கைவிடப்பட்ட கூக்குரலை நண்பர் நினைவூட்டியபோது, அதனால் இது விளங்கிவிடுமோ என்று லூயிஸ் கேட்கிறார். விளங்காது என்பது மெய்யே. ஆனால் சிலுவை துயரத்தை விளக்குவதற்காக நாட்டப்பட்டதன்று. தேவன் அதில் பங்குகொண்டதற்கு அது சாட்சி. இவ்வேறுபாட்டை நூல் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

பல ஆண்டுகளுக்கு முன், ஆற்றில் மூழ்கி இறந்த ஒரு சிறுவனின் அடக்க ஆராதனையில் நாம் தேவசித்தத்தைப் பற்றி நெடுநேரம் பிரசங்கித்தோம். முடிந்தபின் அவன் தாய் நம்மிடம் வந்து, "அந்த நேரம் ஆண்டவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாரா, ஐயா?" என்று மட்டும் கேட்டார். நம்மிடம் விடை இல்லை. இந்நூலைப் படிக்குந்தோறும் அக்கேள்வியே நம்முன் நிற்கிறது. பார்வை மட்டும் அத்தாய்க்குப் போதாது.

நாயீன் ஊர் விதவையை ஆண்டவர் கண்டதாக லூக்கா எழுதும்போது, காண்பதோடு நிறுத்தவில்லை, மனதுருகியதாகச் சொல்கிறார். அங்குள்ள கிரேக்க வினைச்சொல் உள்ளுறுப்புகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. எரேமியா 31:20இல் எப்பிராயீமுக்காகத் தேவன் கொள்ளும் தவிப்பைச் சொல்லும் எபிரெயச் சொல்லும் அத்தகையதே. அவ்வசனத்தைப் பற்றிக்கொண்டே ஜப்பானிய இறையியலாளர் கசோ கிட்டமோரி, போரில் நாடு சிதைந்திருந்த 1946ஆம் ஆண்டில், தேவனுடைய நோவைக் குறித்த தம் நூலை வெளியிட்டார். பெற்ற வயிறு எரிகிறது என்று சொல்லும் தமிழ்த் தாய்க்கு இவ்விரு சொற்களையும் விளக்க அகராதி வேண்டுவதில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. தேவன் நம்மோடு அழுகிறார் என்பதோடு நின்றுவிட்டால், அவரும் நம்மைப்போலச் செயலற்றவர் ஆகிவிடுவார். பாடுகளுக்கு அப்பாற்பட்டவர் தேவன் என்று ஆதித் திருச்சபைப் பிதாக்கள் கற்பித்ததன் நோக்கம், அவருடைய அன்பைத் துயரம் வென்றுவிடாது என்பதைக் காப்பதேயாகும். நாயீனில் மனதுருக்கமும் வல்லமையும் ஒருங்கே காணப்படுகின்றன. அவ்விதவையிடம் அழவேண்டாம் என்று சொன்னவர் மகனைத் திருப்பிக்கொடுக்க வல்லவர். நாமோ கொடுக்க இயலாதவர்களாயிருந்தும் அச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டோம். அழுகிறவர்களோடு அழ வேண்டும் என்பதே ரோமர் 12:15 நமக்கு இட்ட பணி.

ஆகவே லூயிஸின் இரண்டாம் நூலை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும்; ஆனால் லூக்கா 7ஆம் அதிகாரத்தை அருகில் திறந்து வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். அத்தாயின் கேள்விக்கு நாம் அன்று பிரசங்கித்ததைவிட, பாடையைத் தொட்ட அந்தக் கரத்தைக் காட்டியிருந்தால் போதுமாயிருந்திருக்கும்.