பத்துக்குப் பத்து அறையும் ஒரு ஜோடி மானிட்டரும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஊர்களில் பாட்டுப் பதிவு செய்ய இப்போது திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. மாடியில் ஓர் அறை, ஒரு கணினி, ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர் இருந்தால் போதும். கிறிஸ்தவப் பாட்டு ஆல்பமும் குறும்பட டப்பிங்கும் அங்கேயே முடிந்துவிடும். இது பாட்டுக்குப் புதிய மண்ணும் அல்ல. மலையாளக் கிறிஸ்தவக் கீர்த்தனைகளை எழுதிய மோசவத்சலம் சாஸ்திரியார் 1847-ல் பிறந்தது நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் திருப்புறத்தில். 1956-ல் பக்கத்துத் தாலுகாவான விளவங்கோடு தமிழகத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாட்டு மட்டும் இரண்டு மொழியிலும் எல்லையைத் தாண்டிப் போய்வருகிறது. அந்த அறையில் மிக்சிங் ஆகும் பாட்டு களியக்காவிளை சர்ச்சின் ‘காலம்’ (தூண்வடிவ) ஸ்பீக்கரிலும், பஸ்ஸிலும், கைப்பேசியிலும் ஒழுங்காகக் கேட்க வேண்டும். மானிட்டரை எங்கே, எப்படி வைக்கிறோம் என்பது அழகுப் பிரச்சினை அல்ல என்று சொல்வது இதனால்தான்.

முக்கோண விதி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவர் தலையும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகள்; ட்வீட்டர் காது மட்டத்தில். நல்ல விதி. பாடகர் குரல் நடுவில் நிற்பதும், கோரஸ் இருபுறமும் விரிவதும் இதனால்தான் தெளிவாகின்றன. டேப் ஒன்றிருந்தால் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். அந்தச் சுலபமே அதன் ஆபத்தும்: முக்கோணம் அமைந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். அறை என்று ஒன்று இருப்பது மறந்துபோகிறது.

நம் வீடுகளின் அறையை எண்ணிப் பாருங்கள். 10 அடி நீளம், 10 அடி அகலம், கான்கிரீட் தளம் வரை ஏறத்தாழ 10 அடி உயரம். இதைவிட மோசமான அளவை ஒலிக்காகத் தேடிப் பிடிப்பது கடினம். நம் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. 10 அடி இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸ் ஒலி நின்று அதிரும். மூன்று பக்கமும் ஒரே அளவு என்பதால் மூன்று அதிர்வும் அதே 57-ல் வந்து குவிகின்றன. அந்த மூன்றின் அடுத்த குவியல் 114-ல். வில்லுப்பாட்டின் குடமும் தபேலாவின் டக்காவும் பேஸ் கிட்டாரும் புழங்குகிற வட்டாரம் இதுதான். அறையின் நட்டநடுவில் நாற்காலி போட்டால் 57 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்டக் காணாமல் போகும். பேஸ் போதவில்லை என்று மிக்சிங் செய்பவர் ஏற்றுவார். சர்ச்சில் போட்டதும் பாட்டு முழுக்கக் ‘கும்’மென்று அடைக்கும். பழி பெரும்பாலும் சவுண்ட் செட்காரர் தலையில்தான் விழுகிறது.

இனி, சுவரிலிருந்து தூரம். ‘மானிட்டரைச் சுவரை ஒட்டி வைக்காதே’ என்பது வெளிநாட்டுப் பெரிய அறைகளிலிருந்து இறக்குமதியான அறிவுரை. அதில் உண்மை இருக்கிறது: சுவரருகில் பேஸ் வீங்கும். ஆனால் 10 அடி அறையில் எவ்வளவு தூரம் விலக முடியும்? ஸ்பீக்கரின் முன்முகம் அதன் பின்னாலுள்ள சுவரிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருந்தால், பின்னால் போய்த் திரும்பும் ஒலி முன்னால் வரும் ஒலியை 145 ஹெர்ட்ஸ் அருகே அரித்து ஒரு பள்ளம் பறிக்கும். ஒரு மீட்டருக்கு நகர்த்தினால் பள்ளம் 87-க்கு இறங்கும். ஆண்குரலின் அடிப்பாகமும் டக்காவும் இருக்கும் இடத்திலேயே ஓட்டை. இந்த ஓட்டையை ஈக்வலைசரால் நிரப்ப முடியாது. கூட்டினால் திரும்பி வரும் ஒலியும் சேர்ந்தே கூடும். வீக்கத்தையோ குறைத்துவிடலாம். யமஹா ஹெச்எஸ்5 போன்ற மானிட்டரின் முதுகில் இருக்கும் ‘ரூம் கண்ட்ரோல்’ சுவிட்சின் வேலையே அது: 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 அல்லது 4 டெசிபெல் குறைக்கும். ஆகவே என் கணிப்பு ஊர்வழக்கத்துக்கு எதிரானது. நம் அறையில் மானிட்டர் சுவருக்கு அருகில்தான் இருக்க வேண்டும். முன்முகம் 30 சென்டிமீட்டரில், பின்துளை மூடாதபடி. பள்ளம் 290 ஹெர்ட்ஸுக்கு ஏறி ஆழமும் குறையும். பக்கச் சுவரும் தரையும் பறிக்கும் பள்ளங்கள் இருந்தே தீரும்; ஒன்றையாவது குறைத்தோம். நாற்காலி அதே சுவரிலிருந்து அறை நீளத்தின் 38 சதவீத தூரத்தில், அதாவது 3 அடி 10 அங்குலத்தில். ஸ்பீக்கர்களுக்கு நடுவே ஒரு மீட்டர் விட்டால் முக்கோணமும் தானாக அமைகிறது.

சுவர் பிராக்கெட்டை நான் ஆதரிப்பதும் இதனால்தான். மேசை அதிராது, இடம் மிச்சம். ஆனால் இங்கே அதை மாட்டும் விதத்தோடு எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் கை எட்டக்கூடாது என்று ஜன்னல் லிண்டலுக்கு மேலே, டீக்கடை டிவி போல ஏற்றிவிடுகிறார்கள். காதைப் பார்த்துச் சரியாகத் தலைகுனிய வைக்காவிட்டால் ட்வீட்டரும் பெரிய கோனும் காதில் சேரும் நேரம் மாறிவிடுகிறது. உட்கார்ந்த காது தரையிலிருந்து 4 அடி, ட்வீட்டரும் அங்கேதான். இன்னொரு குறை திருகு. ஹெச்எஸ்5-இன் சாதாரண மாடலில் பிராக்கெட்டுக்கான துளை கிடையாது. அதற்கென்றே ‘ஐ’ என்ற தனி மாடல் வருகிறது. பெட்டியை நாமே துளைத்தால் காற்று கசியும். தட்டு வைத்த பிராக்கெட்டோ, மணல் நிரப்பிய கனமான ஸ்டாண்டோ மேல். ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண பிளக் நம்பத்தக்கதல்ல. ஒவ்வொரு பெட்டியும் 5 கிலோவுக்கு மேல்.

மானிட்டரைப் படுக்க வைக்கும் பழக்கம் புகைப்படம் பார்த்து வந்தது. 1978-ல் யமஹா வெளியிட்ட என்எஸ்-10 உலக ஸ்டூடியோக்களில் கன்சோல் மேல் படுத்துக் கிடந்தது. பிற்பாடு ஸ்டூடியோவுக்கென்று வந்த மாடலே படுக்க வைப்பதற்காகத்தான். நம் கையிலுள்ளவை நிற்கச் செய்யப்பட்டவை. படுக்க வைத்தால் தலை ஒரு சாண் நகர்ந்தாலும் குரலின் நிறம் மாறும்.

ஃபோம் ஒட்டுவதில் இறைக்கும் காசைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஓரங்குல ஃபோமும் முட்டை அட்டையும் மேல்சுருதிகளைத்தான் விழுங்கும். 57 ஹெர்ட்ஸுக்கு அவை இருப்பதே தெரியாது. இடவப்பாதி மழை இரண்டு கண்டால் ஃபோமில் பூஞ்சை. நாலங்குல ராக் வூலைத் துணிபோர்த்து, மூலைகளில் சுவரைவிட்டு இடைவெளி கொடுத்து நிறுத்துவது பயன் தரும். திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் கூரையிலிருந்து மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு ஒலிக்கு உயிர் சேர்த்தார்கள். அது பாடுவதற்கான இடம். பாட்டைக் கூட்ட வேண்டும். மிக்சிங் அறை எதையும் கூட்டக்கூடாது.

எந்த ஏற்பாட்டையும் காதை மட்டும் நம்பி முடிக்க வேண்டாம். ஒரு மெஷர்மென்ட் மைக்கும் இலவசமாகக் கிடைக்கும் ‘ரூம் ஈக்யூ விசார்ட்’ மென்பொருளும் உங்கள் அறையின் பள்ளங்களைப் படமாகக் காட்டிவிடும். இனிமேல் மாடி எடுப்பவர்கள் மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: உயரம் 10 அடி என்றால் அகலம் 11 அடி 5 அங்குலம், நீளம் 13 அடி 11 அங்குலம். 1965-ல் ஒலியியலாளர் செப்மேயர் கணக்கிட்டுக் கொடுத்த விகிதங்களுள் ஒன்று இது. இரண்டாவது ஜோடி மானிட்டர் வாங்கும் காசைவிட இந்தச் சுவர்களுக்குச் செலவிடும் காசு பயன்படும்.