தம்பி கையில் டிரம், அக்கா கையில்?

சிறுவன் டிரம்மில் இரண்டு தட்டு தட்டி நிறுத்துகிறான். பியானோவில் இருப்பவர் அதே வேகத்தில் இரண்டு சுரம் வாசித்துவிட்டுக் காத்திருக்கிறார். நிமிர்ந்து பார்க்காமலே பையன் இன்னொரு தட்டு தட்டுகிறான். அதற்கும் பதில் வருகிறது.

1959-இல் இங்கிலாந்தின் சன்ஃபீல்டு குழந்தைகள் இல்லத்தில் அமெரிக்க இசையமைப்பாளர் பால் நார்டாஃபும் சிறப்பாசிரியர் கிளைவ் ராபின்ஸும் தொடங்கிய இசை சிகிச்சை முறையின் உயிர் இதுதான். குழந்தை எழுப்பும் ஒலி எதுவானாலும் அதையே இசையாக எடுத்துக்கொள்வார்கள். ‘என்னைப் பார், சொன்னதைச் செய்’ என்ற அதட்டல் கிடையாது. பேச்சு வராத பிள்ளைக்கும் கேட்பதும் பதில் தருவதும் கைவழியே பிடிபடுகிறது. இந்தச் சிகிச்சையின் பெரும்பலமாக நான் கருதுவது இதைத்தான்.

இதையே ஆட்டிசத்துக்கு மருந்து என்று சொல்லும்போதுதான் சிக்கல். ஒன்பது நாடுகளில் 4 முதல் 7 வயது வரையுள்ள 364 ஆட்டிசக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017-இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளியானது. ஐந்து மாத இசை சிகிச்சை பெற்றவர்களுக்கும், பெற்றோர் ஆலோசனையோடு வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்கும் இடையே, பிறரோடு பழகுவது சார்ந்த அறிகுறிகளில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. 26 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் 2022 மதிப்பீடோ, வாழ்க்கைத் தரமும் பொதுவான முன்னேற்றமும் கூடியிருக்கக்கூடும் என்கிறது. இரண்டும் முரண் அல்ல, அளந்தவை வேறு. ஆனாலும் முதல் முடிவை மறைத்துவிட்டுக் கட்டணம் வாங்குவது தவறு.

எனக்கு இன்னும் உறுத்துவது உடன்பிறந்தவர்களின் நிலை. நான் பார்த்த ஓர் அமர்வில் சிகிச்சைக்கு வந்த சிறுவனின் ஒன்பது வயது அக்காவும் இருந்தாள். சைலஃபோனில் அவள் ஏதோ மெட்டைத் தேடத் தொடங்கும்போதெல்லாம், “தம்பிக்கு விடும்மா” என்றார்கள். வீட்டில் நாளெல்லாம் கேட்கும் அதே சொல். மூன்றாம் முறை குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, கைகளை மடியில் மடக்கிக்கொண்டாள். அவளைச் சம்பளமில்லாத உதவியாளராக்கியது அந்த அறை. குழந்தையின் ஒலிக்குக் காது கொடுப்பதே கொள்கை என்றால், அங்கே இருந்தது ஒரு குழந்தை அல்ல, இரண்டு.

சத்தம் தம்பிக்கு ஆகாது. அக்காவுக்கு ஓங்கி அடிக்க ஆசை. இதை மூடி மறைக்காமல் கையாளத் தெரிந்தவரே நல்ல சிகிச்சையாளர். அடுத்த வாரம் அவளுக்கென்று பத்து நிமிடம் ஒதுக்கினார்கள். சிம்பலை ஓங்கி அடித்தாள். தம்பி காதுமூடி மாட்டிக்கொண்டு வாசலருகே நின்றான். மெதுவாக அடி என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.