தொகைச்சொற் பொருளும் ஆசிரியர் உரையும்
(ஆட்டநூல் விதியொன்றனை முன்னிட்டு ஓர் ஆய்வு)

நூற்பாவிற்குப் பொருள் காணும் முறை இலக்கண நூல்களுக்கே உரியதென்று கருதுவாருளர். விதிகளால் இயலும் எத்துறைக்கும் அஃது உரியதென்பதே எம் கருத்து. இதனை நிறுவுதற்கு யாம் எடுத்துக்கொள்வது புலவர் பெரிதும் நோக்காத நூலொன்று; மேசையைச் சூழ்ந்தமர்ந்து பலர் கூடி ஆடும் கதையாட்டமொன்றின் விதிநூல். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்க, 1974-இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பது அவ்வாட்டம். ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை மேற்கொள்வர். ஒருவர் மட்டும் நடுவராயிருந்து கதையை நடத்துவர். செயல் வாய்க்குமா என்பதனைக் கவறு காட்டும். எச்செயல் எவ்வாறு செய்யத்தகும் என்பதனை நூல் விதிக்கும். ஆகலின், சொற்பொருள் மாறின் போரின் முடிபும் மாறும்.

இவ்வாட்டத்தின் ஐந்தாம் பதிப்பாக 2014-இல் வந்த 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' என்னும் நூலுள் 'பாலடின்' எனப்படும் அறமறவனுக்கு 'டிவைன் ஸ்மைட்' என்றோர் ஆற்றல் கூறப்பட்டுள்ளது. தெய்வ ஒறுப்பு என அதனை வழங்குவோம். 'மெலே வெப்பன் அட்டாக்' ஒன்றனால் ஓர் உயிரைத் தாக்கியவிடத்து, மறவன் தன் மந்திர ஆற்றலின் ஒரு கூற்றினைச் செலவிட்டு, படைக்கலத்தால் வரும் ஊற்றின்மேல் ஒளியூறும் விளைக்கலாம் என்பது அவ்விதியின் சாரம். குறைந்த அளவிற் செலவிடின் எண்முகக் கவறு இரண்டு உருட்டப்பெறும்; செலவின் படி ஏறுந்தோறும் ஒவ்வொன்று கூடி ஐந்து வரை உயரும். இனி, வாளும் தண்டும் பறிக்கப்பட்டுச் சிறையிற் கிடக்கும் மறவன் வெறுங்கையால் குத்துங்கால் இவ்வொறுப்பு நிகழுமோ? இதுவே வினா. எளிதெனத் தோன்றும் இவ்வினா பல்லாண்டு பூசலுக்கு இடனாயிற்று.

பூசலின் வேர் ஒரு தொகைச்சொல்லில் உள்ளது. 'மெலே வெப்பன் அட்டாக்' என்பதனை 'அண்மைப் படைக்கலத் தாக்கு' எனத் தமிழ்ப்படுத்தின், மூலத்தின் மயக்கமும் உடன் வந்துவிடுகின்றது. அண்மைப் படைக்கலத்தால் ஆய தாக்கு என விரித்தலும் கூடும். படைக்கலத் தாக்காவது அண்மையில் நிகழ்தல் என விரித்தலும் கூடும். 'பெருமரப்பெட்டி' என்புழிப் பெருமை மரத்திற்கோ பெட்டிக்கோ என வினவுதல் போல்வதே இது. தொகைச்சொல் இரண்டு முதல் ஏழு வரை பொருள் பயந்து மயங்கும் என நன்னூலார் உடன்பட்டமையின், இம்மயக்கம் தமிழ் கற்றார்க்குப் புதிதன்று. ஆயின் இலக்கணத்தில் இயல்பாகக் கொள்ளப்படும் இது விதிநூலில் 'மயங்க வைத்தல்' என்னும் குற்றமாய் முடிகின்றது.

நூலை ஆக்கியோர் இரண்டாம் விரியையே கொண்டனர். படைக்கலம் கொண்டு அண்மையில் நிகழ்த்தும் தாக்கு என்பதே அவர் கோள். ஆதலின் கைக்குறுவாளை எறிந்து தாக்கின், அவ்வாள் அண்மைப் படைக்கலமேயாயினும், தாக்கு சேய்மைத்தாகலின் ஒறுப்பு நிகழாது. இத்துணையும் தெளிவு. வெறுங்கையின் நிலைதான் தெளிவற்றது.

ஈண்டுப் பாடவேறுபாடு ஒன்று நோக்கத்தக்கது. முதல் அச்சில் வெறுங்கைத் தாக்கு, படைக்கலப் பட்டியலினுள்ளேயே ஒரு பெயராக நின்றது. பின்வந்த திருத்தத்தில் அப்பெயர் நீக்கப்பட்டது. அதற்கு ஈடாக, அண்மைப் படைக்கலத் தாக்கினைப் படைக்கலத்திற்கு மாறாக வெறுங்கையாலும் நிகழ்த்தலாம் என்னும் தொடர் சேர்ந்தது. எனவே வெறுங்கை படைக்கலம் அன்று. வெறுங்கைத் தாக்கோ படைக்கலத் தாக்கு ஆகும்! இம்முரண்போலும் நிலையைத் திருத்தினோர் அறிந்தே ஆக்கினர். 'மாங்க்' எனப்படும் துறவி மறவன், எதிரியைத் திகைப்பிக்கும் தன் அடியை அண்மைப் படைக்கலத் தாக்கின்வழியே செய்பவன். அவன் கைக்குத்துக்கு அவ்வாற்றல் இசைவதும் இத்தொடராலேயே.

அங்ஙனமாயின் பாலடினுக்கும் இசைதல் வேண்டுமன்றோ? ஒரே சொற்றொடர் ஈரிடத்து வரின் ஒரே பொருள் பயத்தல் முறை. இதற்கு ஆசிரியர் குழு 'சேஜ் அட்வைஸ்' என்னும் விளக்கத் தொகுப்பில் விடை இறுத்தது. வெறுங்கைத் தாக்கு அண்மைப் படைக்கலத் தாக்காதலை அவ்விடை உடன்படுகின்றது. எனினும் ஒறுப்பு விதி 'படைக்கலத்தின் ஊறு' என்று பின்னரும் கூறுதலானும், வெறுங்கை படைக்கலம் அன்மையானும், ஒறுப்பு நிகழாது என முடிக்கின்றது. நடுவர் இதனை மாற்றிக் கொள்வாராயின் ஆட்டத்தின் சமநிலை கெடாது என்றும், மறவனைப் படைக்கலத்தோடு பிணைத்தது கதைமரபு நோக்கியே என்றும் சேர்த்துரைக்கின்றது.

இவ்விடையின் நேர்மையை யாம் பாராட்டுகின்றோம். அதன் வாதத்தை ஏற்றற்கில்லை. விதி வேறு, அனுவாதம் வேறு என்பது உரையாசிரியர் நெறி. இவ்விதியுள் நிபந்தனை கூறும் பகுதி, 'தாக்கியவிடத்து' என்பதனோடு முடிந்தது. 'படைக்கலத்தின் ஊற்றின்மேல்' என்பது, ஒளியூறு முன்னையதை விலக்காது கூடிவரும் என்று காட்டுதற்கு வந்த அனுவாதமே. அதனைப் பிறிதொரு நிபந்தனையாகக் கொள்வது, வழிகாட்டும் கைம்மரத்தைத் தடைமரமாகக் கொள்வது போலும்.

சொல்லொன்றும் வறிதே நில்லாது என்னும் நெறிபற்றி ஆசிரியர் விடையைத் தாங்குவாருளர். அந்நெறி நன்றே. ஆயின் கூட்டற்பொருள் உணர்த்துதலாகிய பயன் அத்தொடர்க்கு உண்மையின், அது வறிதே நின்றதன்று.

ஆசிரியர் தாமே உரைகாரராயின் அவர் உரை மறுக்கத்தகாதது என்பர் சிலர். தம் நூற்குத் தாமே உரை வகுத்தல் நம்மிடத்தும் உண்டு. இலக்கண விளக்கத்திற்கு வைத்தியநாத தேசிகரும், இலக்கணக்கொத்திற்குச் சாமிநாத தேசிகரும் அவ்வாறு செய்தனர். அவ்வுரைகள் ஆசிரியர் கருத்தை அறிவிக்கும் சான்றுகளாம். நூற்பாவிற்கும் அக்கருத்திற்கும் இடையே வெளி உண்டோ என ஆராய்தலை அவை தடுப்பனவல்ல. தெய்வ ஒறுப்பில் அவ்வெளி உளது. கருதியதனைக் கூறுதற்குப் 'படைக்கலம் ஏந்தி' என்னும் ஒரு சொல் போதியதாயிருந்தது. அது கூறாமை குன்றக் கூறலே. கதைமரபே காரணம் என்ற பின்னர்ச் சொல்லின்மேல் ஏற்றிய காரணம் மெலிகின்றது என்பதும் கருதத்தக்கது.

2024-இல் வந்த திருத்தப்பதிப்பு இவ்விதியை மாற்றியமைத்தது. ஒறுப்பு ஒரு மந்திரமாயிற்று; அண்மைப் படைக்கலத்தாலேனும் வெறுங்கைத் தாக்காலேனும் தாக்கிய உடனே அதனைச் செலுத்தலாம் என வெளிப்படக் கூறப்பட்டது. இதனைக் காட்டிப் பழைய விதிக்கும் எம் பொருளே பொருள் என வாதித்தல் எமக்கு எளிது. ஆயினும் அது முறையன்று. புதுவிதி பழைய விதிக்கு உரையாகாது. விதி வேறாயிற்று என்பதொன்றே அதனாற் பெறப்படும்.

மற்றொன்று. வெறுங்கையைத் தனித்து எண்ணிய புதுத்தொடர், தாக்கினை விட்டுப் படைக்கலத்தையே அண்மை என்னும் அடையாற் சிறப்பித்தது. முன்னர் விலக்கப்பட்ட முதல் விரியே இப்பொழுது நூலின் சொல்லாயிற்று. ஆகவே எறியப்பட்ட கைக்குறுவாளும், அஃது அண்மைப் படைக்கலமாதலின், சொல்வழி நோக்குவார்க்கு ஒறுப்பினை ஏற்றுச் செல்லும்.